துவக்கு நாட்டுக்குப் போகும் பயணி: யாருக்கு யாரில் பயம்?

அமெரிக்காவுக்குப் படிக்கவோ சொந்தக்காரரைப் பார்க்கவோ போகப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு புத்திமதி வரும்: "கவனம், அங்க எல்லாரும் துவக்கோட திரியிறாங்கள்." சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகாதவர். படத்தில் பார்த்தது, செய்தியில் கேட்டது, ஃபோனில் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இதைச் சும்மா கதை என்று தள்ளிவிடவும் ஏலாது. 2018இல் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களின் கையில் 39 கோடிக்கும் மேற்பட்ட துவக்குகள் இருக்கின்றன. நூறு பேருக்கு 120. ஆக்களை விடத் துவக்கு கூடிய நாடு அது. அப்படியென்றால் அங்கே போகும் பயணிக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து? முப்பது வருடங்களுக்கு முன்னர் உலகமே கேட்ட கேள்வி இது. அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் போய் வருவோம்.

1992இன் பிற்பகுதியிலிருந்து ஓராண்டுக்குள் புளோரிடா மாநிலத்தில் ஒன்பது வெளிநாட்டுப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் துவக்கால் சாகவில்லை. ஆனால் 1993 செப்டெம்பரில் ஒரே வாரத்துக்குள் நடந்த இரண்டு கொலைகளும் துவக்குச் சூடுதான். மியாமியில் காரோட்டிச் சென்ற ஒரு ஜெர்மனியர், நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில் காரை நிறுத்தியிருந்த ஒரு பிரித்தானியர். ஐரோப்பியப் பத்திரிகைகளில் புளோரிடா என்றாலே சாவு என்றாகிவிட்டது. மாநில அரசு தனது சுற்றுலா விளம்பரங்களை நிறுத்தி வைத்தது. ஆளுநர் லோட்டன் சைல்ஸ் ஓய்விடங்களுக்குக் காவல் போட்டார்.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய சின்ன விடயம் ஒன்று உண்டு. அப்போது புளோரிடாவில் வாடகைக் கார்களின் இலக்கத் தகடு தனி எழுத்தோடு வரும். வை அல்லது இசட் என்று கண்டால் அது வாடகைக் கார். ஓட்டுபவர் வெளியூர்க்காரர், வழி தெரியாதவர், கையில் காசு இருக்கும், வழக்கில் சாட்சி சொல்லத் திரும்பி வருவது சந்தேகம். கொள்ளைக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? பின்னாலே வந்து காரை மெல்ல இடிப்பார்கள். என்ன நடந்தது என்று பார்க்கப் பயணி இறங்கினால் முடிந்தது கதை. ஆகவே பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் திருத்தவும் முடிந்தது. தகட்டிலிருந்த அடையாளம் நீக்கப்பட்டது. மியாமியில் பயணிகள் வழி தவறாமலிருக்கச் சூரியப் படம் போட்ட வழிகாட்டிப் பலகைகள் வந்தன. அந்த ஆண்டின் இறுதியில், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் துவக்கு வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அக்காலத்தில் புளோரிடாவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடிப் பயணிகள் வந்தார்கள். கொல்லப்பட்ட வெளிநாட்டவர் ஒன்பது பேர். அதே 1993இல் அந்த மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அந்த ஒன்பது பேரின் மரணம் உலகச் செய்தியானது. மற்றவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்ப் பத்திரிகையில் சில வரிகளோடு முடிந்துபோனார்கள்.

இந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. 2019 ஓகஸ்ட் மாதம் எல் பாசோ, டேட்டன் என்ற இரு நகரங்களில் அடுத்தடுத்துப் படுகொலைகள் நடந்தபோது, உருகுவேயும் வெனிசுவேலாவும் தங்கள் மக்களுக்கு அமெரிக்கப் பயண எச்சரிக்கை விட்டன. சர்வதேச மன்னிப்புச் சபையும் விட்டது. அந்த எச்சரிக்கைகளில் ஒரு அரசியல் இருந்தது, அது விளங்குகிறது. ஆனால் அவற்றை வாசிக்கும் ஒருவரின் மனதில் பதியும் படம் என்ன? கடைத்தொகுதியில் திடீரென்று சுடும் ஒருவன்.

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துவக்கால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 20,958 பேர். பொது இடத்தில் கண்டபடி சுடும் சம்பவங்களில் இறந்தவர்கள் எஃப்.பி.ஐ. கணக்கின்படி 103 பேர். நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ சூடுபட்ட எல்லாச் சம்பவங்களையும் சேர்த்து எண்ணுகிற வேறொரு கணக்கின்படி பார்த்தாலும் 706 பேர். எந்த வரைவிலக்கணத்தை எடுத்தாலும், எங்கள் மனதில் இருக்கும் அந்தப் படம் மொத்தத்தில் சிறு துண்டுதான்.

மிச்சப் பேர் எங்கே இறந்தார்கள்? பாதிக்கு மேற்பட்டோர் தாங்களாகவே, பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே. வீட்டில் துவக்கு இருந்தால் அந்த வீட்டில் தற்கொலை நடக்கும் ஆபத்துக் கூடும் என்று 1992இலேயே அந்நாட்டின் பெரிய மருத்துவ சஞ்சிகையொன்றில் ஆய்வு வந்துவிட்டது. கொலைகளோ நாடு முழுக்கச் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. சில நகரங்களின் சில தெருக்களில் குவிந்து கிடக்கின்றன. மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பின மக்கள், துவக்கால் கொலையுண்டோரில் பாதிக்கும் மேல். சுற்றுலாப் பயணியும் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவரும் பெரும்பாலும் அந்தத் தெருக்களுக்குப் போவதில்லை. ஆபத்து இருப்பது உண்மை, அது விழுவது வேறு ஆக்கள்மேல்.

எங்களுக்கு இது புதினமா? போர்க்காலத்தில் மேற்கு நாடுகள் இலங்கைக்கும் பயண எச்சரிக்கை விட்டன. ஆனாலும் தென்கரை ஹொட்டல்களுக்கு வெள்ளைக்காரர் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பெரும்பாலோர் வெயில் காய்ந்துவிட்டுச் சுகமாகத் திரும்பினார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் சனம் செத்துக்கொண்டிருந்தது. பயணிக்கு ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கு வரும் விடை, அந்த மண்ணில் வாழ்பவரைப் பற்றி எதையும் சொல்லாது என்பதை எங்கட ஆக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒரு சம்பவம். இது எல்லாக் கணக்குக்கும் வெளியே நிற்பது.

1992 ஒக்டோபர் 17. லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவன், தான் தங்கியிருந்த வீட்டுப் பெடியனோடு ஹலோவீன் விருந்தொன்றுக்கு மாறுவேடத்தில் போகிறான். வீடு மாறிவிடுகிறது. தவறான வீட்டின் மணியை அடிக்கிறார்கள். வீட்டுக்காரி பயந்துவிடுகிறார். கணவர் துவக்கை எடுத்துக்கொண்டு வருகிறார். அசையாமல் நிற்கச் சொல்கிறார். விருந்துக்கு வந்த பெடியன் சிரித்த முகத்தோடு கிட்ட வருகிறான். ஒரு வெடி. சுட்டவரை 1993 மே மாதம் ஜூரிகள் குற்றவாளி இல்லையென்று விடுவித்தார்கள். பின்னர் நடந்த நட்டஈட்டு வழக்கில்தான் அவர் பொறுப்பாளி என்று தீர்ப்பு வந்தது.

இங்கே பயந்தது யார்? பயணி இல்லை. துவக்கு நாட்டுக்கு வந்தவனுக்குப் பயமே இருக்கவில்லை. பயந்தது துவக்கு வைத்திருந்த வீடு. அந்நியன் வருவான், கொள்ளையடிப்பான் என்ற பயம் துவக்கை வாங்க வைக்கிறது. வாங்கிய துவக்கு வாசலில் நிற்பவனை அந்நியனாக்குகிறது. அங்கே போகத் தயங்கும் எங்கள் பயமும், அங்கே இருப்பவரின் கையில் துவக்கைக் கொடுக்கும் பயமும் தூரத்துச் சொந்தம்தான். இரண்டும் முன்னால் நிற்கும் ஆளைப் பார்க்காமல், எங்கோ பார்த்த படத்தைப் பார்க்கின்றன.

அந்தப் பெடியனின் பெற்றோர் "அந்த நாட்டுக்குப் போகாதீர்கள்" என்று பிரசாரம் செய்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் செய்தது வேறு. அமெரிக்க வீடுகளிலிருந்து துவக்கை அகற்றக் கோரி ஜப்பானில் 17 இலட்சம் கையெழுத்துச் சேர்த்தார்கள். 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளின்டனை நேரில் சந்தித்தார்கள். அதே மாத இறுதியில், கைத்துவக்கு வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க ஐந்து நாள் அவகாசம் விதிக்கும் பிரேடி சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்துக்கான போராட்டம் பல வருடங்களாக நடந்தது. அதன் கடைசிக் கட்டத்தில் இந்தப் பெற்றோரின் குரலும் சேர்ந்துகொண்டது. தங்கள் பிள்ளை இறந்தான் என்பதோடு நிற்காமல், அங்கே நாளாந்தம் இறக்கும் மற்றவர் பிள்ளைகளையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். மகன் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். அமெரிக்க உயர்பள்ளி மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து, துவக்கு இல்லாத வீடுகளில் தங்கி, துவக்கு இல்லாத தெருக்களில் நடந்து பார்ப்பதற்கான நிதியம் அது.