'நீங்க எத்தனை பாயிண்ட்ல ஓப்பன் பண்ணுவீங்க?' - பிரிட்ஜ் பார்ட்னரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மொபைல்ல பிரிட்ஜ் ஆடக் கத்துக்கிட்ட புதுசு. முன்பின் தெரியாத ஒருவர் பார்ட்னர். என் கையில் 11 பாயிண்ட். ஸ்பேட் நல்லா இருக்கேன்னு 'ஒன் ஸ்பேட்' என்று ஏலத்தை ஆரம்பித்தேன். அவரிடம் 12. 'ஓப்பன் பண்ணியிருக்காங்கன்னா எப்படியும் 13 இருக்கும்' என்று கணக்குப் போட்டு, ஏலத்தை 'த்ரீ நோ ட்ரம்ப்' வரை கொண்டுபோனார். அதற்கு 9 ட்ரிக் எடுக்கணும். கிடைத்தது 7. "11-ல எல்லாமா ஓப்பன் பண்ணுவீங்க?" என்று சாட்டில் ஒரு வரி போட்டுட்டு டேபிளை விட்டே கிளம்பிட்டார். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். ஆரம்பிக்கும் முன் நாங்கள் எதையும் பேசிக்கவே இல்லை.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. பார்ட்னர் கையைப் பார்க்க முடியாது, ஜாடை காட்டினால் அது கள்ளாட்டம். ஏலத்தில் சொல்லும் வார்த்தை மட்டும்தான் பேச்சு. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 பாயிண்ட். இந்தக் கணக்கை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்காவின் சார்லஸ் கோரன். கட்டு முழுக்க 40 பாயிண்ட், அதாவது சராசரியா ஒரு கைக்கு 10. ஜோடிக்குச் சேர்த்து 25 இருந்தால், போனஸ் தரும் 'கேம்' வரை போகலாம் என்பது பொதுவான கணக்கு.

இப்போ பாருங்க. நீங்க 13-ல் ஓப்பன் செய்பவர் என்றால், 12 வைத்திருக்கும் பார்ட்னர் தைரியமாக கேமுக்குப் போகலாம். 11-லேயே ஓப்பன் செய்பவர் என்றால், அதே 12-க்கு அவர் கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். 11-ல் ஓப்பன் செய்வது தப்பே இல்லை, பார்ட்னருக்குத் தெரியாமல் செய்வதுதான் சிக்கல்.

பாயிண்ட்டை மட்டும் எண்ணுவதும் போதாது. 'ரூல் ஆஃப் 20' என்று ஒன்று உண்டு. உங்கள் பாயிண்ட்டோடு, அதிக சீட்டு இருக்கும் இரண்டு இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 20 வந்தால் ஓப்பன். ஸ்பேட் 5, டைமண்ட் 4, பாயிண்ட் 11 என்றால் சரியாக 20. ஆனால் 4-3-3-3 என்று சப்பையாகப் பிரிந்த 12 பாயிண்ட் கைக்கு 19தான் வரும். 11 ஓப்பன் பண்ணும், 12 பாஸ் சொல்லும்! (அந்த 12-ஐயும் ஓப்பன் செய்பவர்கள் நிறையப் பேர். அதனால்தான் கேட்டுக்கணும்னு சொல்றேன்.)

பெரிய விபத்து நடப்பது 'ஒன் நோ ட்ரம்ப்'பில். அமெரிக்கப் பாணியில் அதற்கு அர்த்தம் 15-17 பாயிண்ட். இங்கிலாந்தின் 'ஏகால்' முறையில் 12-14. உங்கள் கையில் 10 இருந்தால், முதல் வகையில் கேம் போகணும், இரண்டாவது வகையில் பாஸ். ஒரே வார்த்தைதான், முடிவு நேர் எதிர்.

மூன்றாவது ஆளாக ஏலம் கேட்கும்போது பலர் 10 பாயிண்ட்டில்கூட ஓப்பன் செய்வார்கள். பார்ட்னர் ஏற்கெனவே பாஸ் சொல்லிட்டதால் அவர் ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போகமாட்டார் என்ற நம்பிக்கை. இதுவும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியது.

ஒன்று கவனிங்க, இந்த ஒப்பந்தம் ரகசியம் கிடையாது. எதிர் ஜோடி கேட்டால் விளக்கியே ஆகணும். போட்டிகளில் இதை எழுதி வைக்கவே 'கன்வென்ஷன் கார்டு' இருக்கு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் பல வருஷம் சேர்ந்து ஆடியவர்கள். நமக்கு அவ்வளவு காலம் கிடைக்காது, ஆன்லைனில் ரெண்டு நிமிஷம்தான்.

அந்த ரெண்டு நிமிஷத்தில் மூணு விஷயம் கேளுங்க: குறைந்தபட்சம் எத்தனை பாயிண்ட்ல ஓப்பன்? ஒன் நோ ட்ரம்ப் 15-17ஆ, 12-14ஆ? மூணாவது ஆளா வந்தா இன்னும் குறைப்பீங்களா? இப்போதெல்லாம் டேபிளில் உட்கார்ந்ததும் நான் டைப் செய்வது இதைத்தான். பதில் சொல்லாதவர் பார்ட்னராக வந்தால், 13-க்குக் கீழே நான் வாயே திறப்பதில்லை.