கடல்மட்டமும் சமுத்திர நீரோட்டங்களும்

கடல்மட்டம் என்று வழக்கில் சொல்லப்படுவது எங்கும் ஒரே உயரமுடையதன்று. அலையையும் ஓதத்தையும் நீக்கிவிட்டு நோக்கினாலும், காற்று, உஷ்ணம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றின் காரணமாகச் சமுத்திரத்தின் மேற்பரப்பு ஓரிடத்தில் மேடாகவும் மற்றோரிடத்தில் தாழ்வாகவும் அமைந்திருக்கிறது. இவ்வேறுபாட்டுக்கும் பெரும் நீரோட்டங்களுக்கும் உள்ள சம்பந்தம் அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டத்தை ஆராய்ந்ததனாலேயே பெரிதும் தெளிவாயிற்று.

1513இல் புளோரிடாவின் கரையோரமாகச் சென்ற ஸ்பானியர் போன்ஸ் தெ லியோன், காற்று அனுகூலமாக இருந்தும் தம் கப்பல்கள் பின்னோக்கித் தள்ளப்படுவதைக் கண்டார். பெஞ்சமின் பிராங்க்ளின், திமிங்கில வேட்டைக்காரரின் அனுபவத்தை அறிந்த திமோதி போல்ஜரின் உதவியுடன், 1769ஐ ஒட்டி அந்நீரோட்டத்தைப் படமாக வரைவித்தார். ஆயினும் அதன் போக்குக்கும் நீர்ப்பரப்பின் சரிவுக்கும் உள்ள தொடர்பு அக்காலத்தில் விளங்கவில்லை.

சுழலும் அமைப்புகளில் தோன்றும் விசையைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835இல் விவரித்தார். பூமியின் சுழற்சியால் எழும் அவ்விசை, வடகோளத்தில் ஓடும் நீரை வலப்புறமாக ஒதுக்க முற்படுகிறது. ஒதுங்கிய நீர் அப்பக்கத்தில் உயர்ந்து, மீண்டும் தாழ்புறத்தை நோக்கி இறங்க முயல, இரண்டும் சமன்பட்ட நிலையில் நீர் சரிவின் வழியே இறங்காமல் அதற்குக் குறுக்காகவே ஓடுகிறது. நார்வேயின் பியர்க்னெஸ் 1898இல் வகுத்த தேற்றத்தை ஆதாரமாகக் கொண்டு, ஸாண்ட்ஸ்ட்ரோமும் ஹெலண்ட்-ஹான்ஸெனும் 1903இல் நீரின் உஷ்ணத்தையும் உப்பையும் அளந்தே ஓட்டத்தின் வேகத்தைக் கணிக்கும் முறையை அமைத்தனர். அமெரிக்கக் கரையிலிருந்து வளைகுடா நீரோட்டத்தைக் கடந்து கிழக்கே செல்லும் கப்பல், ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குள் சுமார் 1 மீட்டர் உயரம் ஏறுகிறது. மாலுமிக்கோ அவ்வேற்றம் சிறிதும் புலப்படுவதில்லை.

துறைமுகங்களில் பதிவான மாத சராசரிக் கடல்மட்டத்தை நீரோட்டத்தின் இயக்கத்தோடு ஒப்பிட்டு மான்ட்கோமரி 1938இல் ஆராய்ந்தார். பசிபிக்கில், வியாபாரக் காற்று மேற்கே குவித்து வைக்கும் நீர், காற்றுத் தளரும்போது கிழக்கே பரவி எல் நினோவாகிறது என்பதைத் தீவுகளின் கடல்மட்டப் பதிவுகளைக் கொண்டு கிளவுஸ் வியர்ட்கி 1970களில் விளக்கினார். 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொஸைடன் செயற்கைக்கோள், 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ராடார் அலைகளை அனுப்பி, ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு ஒருமுறை உலகக் கடல்களின் பெரும்பகுதியைச் சில சென்டிமீட்டர் நுட்பத்துடன் அளந்தது.

அட்லாண்டிக்கின் வடக்கு தெற்கான பெருஞ்சுழற்சி, 26 பாகை வட அட்சரேகையை ஒட்டி நிறுத்தப்பட்ட கருவிகளால் 2004 முதல் இடைவிடாது அளக்கப்பட்டு வருகிறது. 2009-10இல் அச்சுழற்சி சுமார் 30 சதவீதம் தளர்ந்தபோது, காற்றின் மாறுதலும் சேர்ந்துகொள்ள, நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கரையோரங்களில் கடல்மட்டம் சுமார் 13 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஆதலின், ஒரு துறைமுகத்தில் நீர் எவ்வளவு உயரும் என்று கணிப்பதற்குப் பனி உருகுவதையும் நீர் சூடேறி விரிவதையும் மட்டும் கருதுவது போதாது. அதனை அடுத்தோடும் நீரோட்டத்தின் வலிமையையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.