கணக்கும் நீங்களே, ஹெச்.ஆரும் நீங்களே... விசிட்டிங் கார்டில் என்ன பதவி போடுவது?

காலையில் ஜிஎஸ்டி பில் என்ட்ரி, மதியம் புது ஆளுக்கு இன்டர்வியூ, சாயங்காலம் ஏசி ரிப்பேருக்கு ஆள் பிடிக்கும் வேலை. சின்ன கம்பெனிகளில் இது எல்லாத்தையும் ஒரே ஆள்தான் பார்க்கிறார். அவருக்கு என்ன பதவிப் பெயர் வைப்பது? பலர் யோசிக்காமல் 'மேனேஜர்' என்று போட்டுவிடுகிறார்கள். அதில் என்ன சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

'மேனேஜர்' என்றால் என்ன மாறும்?

தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020, கடந்த 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி, முதன்மையாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார். மேற்பார்வை வேலை செய்பவர் மாதம் ரூ.18,000-க்கு மேல் சம்பளம் வாங்கினால் அவரும் வரமாட்டார். ஆனால் கணக்கு எழுதுவது போன்ற கிளரிக்கல் வேலைக்கு இந்தச் சம்பள வரம்பே கிடையாது.

வேலையை விட்டு நீக்கினால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போவது, ஆட்குறைப்பு செய்தால் பணி செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகப் பெறுவது போன்ற உரிமைகள் 'தொழிலாளி'க்குத்தான்.

பேர் போட்டாலே உரிமை போய்விடுமா?

போகாது. பதவிப் பெயரை அல்ல, ஒருவர் பிரதானமாகச் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் 'மேனேஜர்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், "நான் செஞ்சது கணக்கு வேலைதான்" என்று பிறகு நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

பல வேலை செய்தால் எதைப் பேராக வைப்பது?

இதற்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் செய்யும் வேலைகளில் அதிகத் திறன் தேவைப்படுவது எதுவோ, அதை வைத்தே வகைப்படுத்த வேண்டும். அதிலுள்ள இன்னொரு விதிப்படி, ரொட்டி சுட்டு, அதை அவரே கடையில் விற்றால் அவர் 'பேக்கர்'தான், 'சேல்ஸ்மேன்' இல்லை.

கவனிக்க வேண்டியவை:

* ஒரு வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிப் பாருங்கள்.
* நேரமும் திறனும் அதிகம் கேட்கும் வேலை முதலில் வரட்டும். உதாரணம்: 'அக்கவுண்ட்ஸ் & ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ்'.
* இரண்டு வேலைக்கு மேல் பேரில் சேர்க்க வேண்டாம். மற்றவை வேலை விவரத்தில் இருந்தால் போதும்.
* 'ஹேப்பினஸ் ஆபீசர்' மாதிரி பேர்கள் கேட்க நல்லா இருக்கும். ஆனால் வேலைவாய்ப்பு தளங்களில் அந்தப் பேரில் யாரும் தேட மாட்டார்கள்.
* கீழே ஆள் இல்லை, லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை என்றால் 'மேனேஜர்' வேண்டாம்.

நிர்வாகம் சம்மதிக்கவில்லை என்றால்?

பேரை மாற்ற முடியாவிட்டாலும், செய்யும் வேலைகளின் பட்டியலை நியமனக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால், அந்தப் பட்டியலை நிர்வாகத்துக்கு இமெயிலில் அனுப்பி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளை பிரச்னை என்று வந்தால், விசிட்டிங் கார்டை விட அந்த ஒரு பக்கம்தான் கைகொடுக்கும்.