ஸாமியே என் ஹீரோ

2005 அக்டோபர் 4. லாஸ் ஏஞ்சலீஸில் 19 வயசுப் பையன் ஒருவன் நள்ளிரவு தாண்டி கம்ப்யூட்டரில் ஒரு சின்ன விஷமம் செய்துவிட்டுத் தூங்கப் போனான். பெயர் ஸாமி காம்கர். (நம்ம ஊர் சாமி இல்லை. ஆனாலும் அடுத்த இருபது மணி நேரத்தில் பத்து லட்சம் பேர் அவனைக் கும்பிட்டார்கள், தங்களுக்கே தெரியாமல்.)

அப்போது மைஸ்பேஸ் ராஜாங்கம். ஃபேஸ்புக் இன்னும் மாணவர்களைத் தாண்டி வெளியே வரவில்லை. மைஸ்பேஸின் கவர்ச்சியே, அவரவர் பக்கத்தை அவரவர் இஷ்டப்படி அலங்கரிக்கலாம் என்பதுதான். அதற்காக ஹெச்டிஎம்எல்லையே, அதாவது வலைப்பக்கம் எழுதும் மொழியையே, வந்தவர் போனவர் கையிலெல்லாம் கொடுத்துவிட்டார்கள்.

மைஸ்பேஸ்காரர்கள் அசடுகள் இல்லை. ஹெச்டிஎம்எல் வெறும் அலங்காரம். ஜாவாஸ்க்ரிப்ட் அப்படியல்ல, பார்ப்பவரின் பிரவுசருக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் பெயராலேயே காரியம் செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஆகாத சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 'ஜாவாஸ்க்ரிப்ட்' என்ற சொல் கண்ணில் பட்டால் வெட்டு.

ஸாமி அந்தச் சொல்லை உடைத்தான். 'ஜாவா' ஒரு வரி, 'ஸ்க்ரிப்ட்' அடுத்த வரி. அவ்வளவுதான் சார்! மைஸ்பேஸின் வடிகட்டி கோட்டைவிட்டது. சில பிரவுசர்களோ இரண்டையும் ஒட்டிவைத்துப் படித்தன. பக்கம் எழுதுகிறவர் தப்பும் தவறுமாக எழுதினாலும் பெரிய மனசு பண்ணி எப்படியாவது காட்டிவிடுவது பிரவுசர்களின் பழைய வழக்கம். இன்னும் சில சொற்களும் தடையில் இருந்தன. அவற்றையும் பாதி பாதியாக எழுதி, உள்ளே போனபின் கூட்டல் குறி போட்டுச் சேர்த்துக்கொண்டான். வாசலில் 'முருகேசனை விடாதே' என்று காவல்காரரிடம் சொல்லிவைத்தால், 'முரு' முன்னாலும் 'கேசன்' பின்னாலும் நடந்து போன கதை.

ஸாமியின் பக்கத்தைப் பார்த்தவர்களெல்லாம் அவனுக்கு நண்பரானார்கள். 'எல்லாருக்கும் மேலாக, ஸாமியே என் ஹீரோ' என்ற வரி அவர்கள் பக்கத்தில் ஏறியது. கூடவே அந்த நிரலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தை யார் பார்த்தாலும் அவருக்கும் தொற்று. காலையில் எழுந்தபோது 200 பேருக்கு மேல் நட்புக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேல். பையனுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் மைஸ்பேஸையே இழுத்து மூடிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

2006-ல் வீட்டில் சோதனை. 2007 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 90 நாள் சமூக சேவை, கம்ப்யூட்டரைத் தொடக் கட்டுப்பாடு. பிற்பாடு அவரே பேர் சொல்லும்படியான பாதுகாப்பு ஆய்வாளர் ஆனார் என்பது தனிக்கதை.

என்னைக் கேட்டால், பையனைவிட அந்தப் பட்டியல் மேல்தான் எனக்குக் கோபம். 2000 பிப்ரவரியிலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் மையம் இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. கெட்டவற்றைப் பட்டியல் போட்டு மாளாது. எவற்றை அனுமதிப்பது என்றுதான் பட்டியல் போட வேண்டும். அலங்காரமே தேவையில்லாத இடத்தில் வைத்தியம் இன்னும் சுலபம். விருந்தாளி எழுதியதைப் பக்கத்தில் போடும்போது, 'இது வெறும் எழுத்து, கட்டளை இல்லை' என்று பிரவுசருக்குப் புரியும்படி குறிகளை மாற்றிப் போட்டுவிடுவது. ஒற்றை வரி வேலை. ஆனால் எழுத்து வெளியே வருகிற ஒவ்வொரு இடத்திலும், ஒன்று விடாமல் செய்ய வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் போச்சு.

2010 செப்டம்பர் 21 அன்று ட்விட்டரில் அதே கூத்து. ஒரு ட்வீட்டின் மேல் மவுஸ் நகர்ந்தாலே போதும், அது உங்கள் பெயரில் மறுபடி போய்விடும். முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனின் மனைவி கணக்கும் தப்பவில்லை. அந்த ஓட்டையை முந்தின மாசமே அடைத்துவிட்டோம், பிறகு செய்த ஒரு மாற்றத்தில் தெரியாமல் திரும்பத் திறந்துகொண்டது என்றது ட்விட்டர்.