பெயரில் வந்த சத்து

மணிமேகலையின் அமுதசுரபியைப் பற்றி நம் இலக்கிய வட்டம் இப்பத்தாண்டுகளில் எத்தனையோ மாலைகள் பேசியிருக்கிறது. அள்ள அள்ளக் குறையாமையே அதன் பெருமை. அவ்வுணவின் சத்து யாதென எவரும் வினவியதில்லை, யானும் வினவியதில்லை. பள்ளிச் சோற்றின் வரலாற்றிலும் அவ்வினா நெடுங்காலம் பின்வரிசையிலேயே அமர்ந்திருந்தது.

1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. செலவு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவை மீறலாகாது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை இரண்டே ஆண்டில் 1,671 ஆயிற்று. எனினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாதென அரசு தடுத்ததால் 1925இல் திட்டம் நின்றது. சோறு கல்விச் செலவில் சேராது என்பது அக்காலக் கணக்கு! 1927இல் மீண்டும் தொடங்கியது.

1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய இடம், பாரதி பிறந்த எட்டயபுரம். கவிஞர்களாகிய நமக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களின் கொடையைத் திரட்டி அதனை வளர்த்தார். அன்றைய முதல் கவலை பசி, சத்து அன்று.

1982 ஜூலை 1 அன்று, நமக்கு அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்துக்குச் 'சத்துணவு' என்றே பெயர். ஆனால் தட்டில் வந்தவை பெரும்பாலும் சோறும் சாம்பாருமே. 1989இல்தான் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998இல் வாரத்துக்கு ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. பெயர் சொன்னதைத் தட்டு எட்டிப்பிடிக்க 28 ஆண்டுகள் ஆயின. ஆட்சிகள் மாறியும் அம்முட்டை நின்றுவிடாமல் பெருகியதைப் பாராட்டத்தான் வேண்டும். காலை உணவோ 2022இல் மதுரையில் தொடங்கி, 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது.

இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்றிருந்த காலத்தில் கறம்பக்குடிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியனாயிருந்தேன். ஒரு சிறுமி தன் முட்டையை உண்ணாமல் பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள். ஏன் என்றேன்.

"வீட்ல தம்பி இருக்கான், சார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய பதிவேட்டில் முட்டை உண்டோர் எண்ணிக்கையில் அவளும் இருந்தாள்.