பட்டை குறையை மறைத்த காலம்

ஏழுகல் வைரத் தோடு எடுக்கத் தச்சநல்லூரிலிருந்து நெல்லை டவுன் நகைக்கடைக்கு வருகிற குடும்பம், கல்லில் கரும்புள்ளி உண்டா, கீறல் உண்டா என்றுதான் முதலில் கேட்கும். பட்டை எப்படித் தீட்டியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. இந்த வழக்கத்தின் வேர் ஆழமானது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வைரத்தின் குற்றங்களை எண்ணுகிறது. முதலாம் ராசராசன் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் கறாரானவை. நகையில் பதித்த வைரங்களை மட்டத்தாரை, சப்படி என்று வடிவம் சொல்லிப் பதிந்துவிட்டு, பொரிந்தது, முறிந்தது, செம்புள்ளி, கரும்புள்ளி உள்ளது, வெந்தது எல்லாம் இதில் அடக்கம் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். சாமிக்குக் கொடுத்த நகையிலும் குறையை மறைக்காத கணக்கு! அதே கல்வெட்டுகளில் முத்துக்கு வட்டம், அனுவட்டம், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்ற தரங்கள் வருகின்றன. தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையில் விலைபோன முத்துக்குத் துளையிடலாம், கோக்கலாம். அழகைக் கூட்ட வழியில்லை. வைரத்தையும் நம்மவர்கள் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள் என்பது என் துணிபு. எட்டு முகமும் ஆறு கூர்முனையும் சிதையாத இயற்கைப் படிகத்தையே வடமொழி ரத்தின நூல்களும் உயர்த்திச் சொல்கின்றன.

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே தரும் செய்தி இங்கே முக்கியமானது. கல் சுத்தமாக இருந்தால், எடை குறைந்துவிடும் என்று அஞ்சி, இந்தியத் தொழிலாளர்கள் அதைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டு எடுத்துவிடுவார்களாம். சிவப்போ கறுப்போ புள்ளி இருந்தால்தான் கல் முழுக்கப் பட்டை போட்டுக் குறையை மறைப்பார்களாம். அப்படியானால், பட்டை மிகுந்த கல்லைச் சந்தேகப்படுவதே அன்றைக்கு நியாயம். பெரிய முகல் வைரத்தைத் தேய்த்து எடையை வெகுவாகக் குறைத்த வெனிஸ்காரர் போர்கியோவுக்குக் கூலிக்குப் பதில் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது என்றும் தவேர்னியே எழுதுகிறார்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1852இல் லண்டனில் கோகினூரை மறுபடி தீட்டியபோது 191 காரட் 105.6 ஆகச் சுருங்கியது. எடையை விட்டு ஒளியை வாங்கிய பேரம் அது. அதன் கணக்கை 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி எழுதினார். வைரத்துக்குள் ஒளி, முகத்தின் செங்குத்துக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 24.4 பாகைக்கு மேல் சாய்ந்து பட்டால் வெளியேறாது, உள்ளேயே திரும்பும். அடிப்பாகம் 40.75 பாகை, மேற்பாகம் 34.5 பாகை சாய்ந்தால் வெண்ணொளியும் வானவில் சிதறலும் சேர்ந்து மேலே வரும் என்பது அவர் முடிவு. அடி மிகத் தட்டையானால் நடுவில் மீன்கண் போல வெளிறிய வளையம் தெரியும். மிக ஆழமானால் நடு இருளும். எடை கூட்டுவதற்காக ஆழம் விட்ட கல்லில் இந்த இருளைக் கடை விளக்கின் கீழேயே பார்க்கலாம்.

கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதிக்கும் நம் ஊர் ‘மூடிய கட்டடத்’ தோடு இதில் சுவாரசியமானது. அடிப்பாகத்தில் எண்ணெய் படிந்தால் அந்த 24.4 பாகை எல்லை 37க்கு மேல் ஏறி, பல கதிர்கள் கீழே கசிந்துவிடும். பின்பக்கம் மூடிய கட்டடம் தலையெண்ணெயை ஓரளவு தடுத்தது. ஆனால் கல்லின் அடியைப் பார்க்கவும் விடவில்லை. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கப் பெயரைத் தாங்கிய ‘ப்ளூ ஜாகர்’ மோகமும் நீலச்சாயலைப் பற்றியதே, வெட்டைப் பற்றியதல்ல.

அமெரிக்காவின் ஜிஐஏ ஆய்வகமே வட்டப் பட்டைக் கல்லுக்கு ‘எக்ஸலன்ட்’ முதல் ‘புவர்’ வரை ஐந்து வெட்டுத் தரங்களைத் தன் அறிக்கையில் சேர்த்தது 2006இல்தான். ஆகவே கல் வாங்குகிறவர்கள் சான்றிதழில் புள்ளி, நிறத்தோடு வெட்டுத் தரத்தையும் படியுங்கள். கட்டடத்தில் பதிக்கும் முன்பே கல்லைத் தனியாக வாங்கிப் பாருங்கள்.