லயத்துத் தோட்டமும் கிராமத்துத் தோட்டமும்

தோட்டம் என்னும் சொல் இலங்கையின் பெருந்தோட்டப் பகுதிகளில் இரு பொருள் தரும். துரைமார் காடழித்துத் திறந்த தேயிலை, இறப்பர் நிலம் ஒன்று. லயத்தின் பின்புறத்தே தொழிலாளர் கொத்திப் பயிரிட்ட சிறு பாத்தி மற்றொன்று. முன்னதன் வரலாறு பலராலும் எழுதப்பெற்றது. பின்னதைப் பற்றிச் சில சொல்லவே இப்பேச்சு. அதற்கு யட்டியாந்தோட்டையைக் களமாகக் கொள்கின்றேன்.

கேகாலை மாவட்டத்தில், களனி கங்கையின் பள்ளத்தாக்கில் அமைந்தது இவ்வூர். ஆண்டுக்கு 100 அங்குலத்திற்கு மேல் மழை பொழியும் ஈரவலயம் இது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயால் இலங்கையில் கோப்பிப் பயிர் அழிந்த பின்னர், இப்பள்ளத்தாக்கில் தேயிலை பரவிற்று. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனோடு சேர்ந்துகொண்டது. 1903இல் குறும்பாதை ரயிலும் யட்டியாந்தோட்டையை எட்டியது.

ஒரே மழை, ஒரே மண். ஆயினும் இங்கே இருவகைத் தோட்டக்கலை அருகருகே வளர்ந்தது. சிங்களக் கிராமத்து வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தைப் பாருங்கள். மேலே பலாவும் கித்துளும். அவற்றின் கீழே ஈரப்பலா, கமுகு. கமுகில் படர்ந்த மிளகு. அதன் நிழலில் வாழையும் கோப்பியும். நிலத்தோடு ஒட்டிச் சேம்பும் இஞ்சியும் வல்லாரையும். வானத்திலிருந்து விழும் மழைத்துளி ஐந்தாறு இலைகளில் தங்கித் தங்கியே தரையைத் தொடும். ஆகவே சரிவிலும் மண் கரைவதில்லை. துரைமாரோ, புல் பூண்டு ஒன்றும் நில்லாதபடி நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே சிறந்த வேளாண்மை எனப் பல்லாண்டு நம்பினர். மேல்மண் ஆற்றோடு போன பின்னரே மூடுபயிரின் அருமையை உணர்ந்தனர்.

லயத்துப் பாத்தியிலோ மரங்களைக் காண்பது அரிது. அவரையும் பாகலும் கூரையோரப் பந்தலில் ஏறும். பசளியும் கத்தரியும் மிளகாயும் கீழே நிற்கும். மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகுமாதலால், மேடுகட்டி மரவள்ளியும் வற்றாளையும் நடுவர். சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்கிக் கான் வெட்டுவர். மலைச்சரிவில் வேலைசெய்து பழகிய கைகளுக்கு அது புதிதன்று. பசளை, அடுப்புச் சாம்பலும் மாட்டெருவுமே. இடமில்லாதவர் பழைய தகரத்தில் மண் நிரப்பிக் கறிவேப்பிலை வளர்த்தனர். தமிழ்நாட்டு வறள்நிலத்தை நினைந்து நட்ட முருங்கை இம்மழையில் இலை தந்தது. காய் தருவதற்குத் தயங்கியது.

மரம் ஏன் இல்லை? தட்பவெப்பம் காரணமன்று, அடுத்த கிராமமே அதற்குச் சாட்சி. லயத்துக் காம்பரா வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் காம்பராவும் போகும். அதன் பின்னுள்ள பாத்தியும் போகும். மூன்று மாதத்தில் காய்ப்பதை நடலாம். பேரன் காலத்தில் பயன்தரும் பலாவை எந்த நம்பிக்கையில் நடுவது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பலா மரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது எனக் காக்கும் சட்டம் 1951இல் பிறந்தது. மரத்துக்குக் கிடைத்த காப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே குறித்துச் செல்கிறேன்.

எனினும் அச்சிறு பாத்தி வெறும் கறித் தோட்டமாக மட்டும் நிற்கவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கறிக்கென்று கொத்திய நிலம் வயிற்றுக்கே சோறிட வேண்டியதாயிற்று. மரவள்ளி பாத்தியை ஆண்டது. அவிசாவளையிலிருந்து வந்த ரயில்பாதையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சமோ இன்னும் கொடிது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. தோட்டப்பகுதிகளில் மரணங்கள் பெருகின. சொந்த வயலும் பலாமரமும் உடைய கிராமத்தவருக்கு இருந்த புகலிடம் லயத்தவர்க்கு இல்லை. பிஞ்சு பலாக்காய் ஒரு குடும்பத்தின் ஒருவேளை உணவு என்பதை அறிந்தோர், இவ்வேறுபாட்டின் கனத்தை உணர்வர்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. தலைமுறைகளாகப் பெரட்டுக்கு முன்னும் வேலை முடிந்த பின்னும் மண்வெட்டி பிடித்தவர்கள் அச்செய்தியை எவ்வாறு கேட்டிருப்பார்களோ!

2015க்குப் பின் பெருந்தோட்டங்களில் கட்டப்பட்ட தனிவீடுகளுக்கு 7 பேர்ச் காணி என்பது அளவாயிற்று. பலர்க்கு வீடு முந்தி வந்தது. காணி உறுதி பிந்தி நின்றது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போக எஞ்சுவதில், முதிர்ந்த பலா ஒன்றின் நிழலே பெரும்பகுதியை மூடிவிடும். கிராமத்துத் தோட்டத்தை அப்படியே இங்கு பெயர்த்துவைக்க இயலாது. எல்லையோரத்தில் ஒரு வரிசைக் கமுகு, அதில் ஏறும் மிளகு, வடிகானருகே இரண்டு வாழை, நடுவே பழைய லயத்துப் பாத்தி என்பதே இவ்விடத்துக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. மிளகு காய்க்க மூன்று ஆண்டு செல்லும். கமுகுக்கோ ஐந்தாறு ஆண்டு வேண்டும்.